“இதெல்லாம் ஒரு பாட்டாண்ணே?”: மெட்டல் ரசிகர்களே மதிக்காத மெட்டல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக் செட்காரருக்கு எதுக்கு இந்த வேலை?

கடலூர் முதுநகரில், எங்கள் பேச்சில் ஓ.டி., மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், தீமிதி, சாவு வீடு என்று எல்லாவற்றுக்கும் பாக்ஸ் தூக்கிப் போகிறவன். அடுத்தவர் கேட்கும் பாட்டை அடுத்தவர் சொல்லும் சத்தத்தில் போடுவது என் பிழைப்பு. எனக்குப் பிடித்த மெட்டலை, அதாவது கனத்த கிட்டாரும் டிரம்ஸும் கொண்ட ராக் இசையை, கேட்க வாய்ப்பது குடோனில் பாக்ஸ் சோதிக்கும் அந்த அரை மணி நேரம்தான். அப்போது வாசலில் வந்து நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லி டீ ஆறிப்போகிறது. அதனால் எழுதிவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. மெட்டல் கேட்காதவர் சிரித்தால் எனக்கு வலிக்காது. பாண்டியிலிருந்து பைக்கில் வரும் தம்பிகள், தாங்களும் கருப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, “அண்ணே, நு மெட்டல் எல்லாம் கேக்குறீங்களா?” என்று முகத்தைச் சுளிப்பார்கள் பாருங்கள் (நு மெட்டல் என்பது ராப் கலந்த மெட்டல்), அதற்குத்தான் இத்தனை பக்கம்.

எல்லாமே ஒரே இரைச்சலா இருக்கே? இதுல வகை வேறயா?

பழகாத காதுக்கு அப்படித்தான் இருக்கும். நாதஸ்வரம் கேட்டுப் பழகாதவருக்குத் தோடியும் கரகரப்பிரியாவும் ஒரே பீப்பீதான்.

ஆரம்பத்தைச் சொல்கிறேன், மீதி தானாகப் புரியும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்ற தொழிற்சாலை ஊர். டோனி ஐயோமி என்ற 17 வயதுப் பையன் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, மெஷினில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடது கைக்காரர், கம்பியை அழுத்த வேண்டியதே அந்த விரல்கள்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். பிறகு கம்பியின் இழுவை குறைந்தால் விரலுக்குச் சுளுவாக இருக்கும் என்று, 1971 ஆல்பத்தில் கிட்டாரை ஒன்றரைக் கட்டை இறக்கிக் கட்டினார். இறக்கியதும் சத்தம் கனத்துவிட்டது. பிளாக் சப்பாத் என்ற அந்தக் குழுவின் கனம் அப்படி வந்தது. சிப்காட் பக்கம் விரல் போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இந்தக் கதையைச் சொன்னால் அவர்கள் சிரிப்பதில்லை.

1970 பிப்ரவரி 13-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு மூன்றே சுரத்தில் நிற்கிறது: ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம். அந்த இடைவெளிக்கு மேற்கத்திய இசையில் பிசாசின் பெயர் வைத்திருந்தார்கள். நம்மிடம் அதே பிரதி மத்யமம் இல்லையென்றால் கல்யாணி ராகமே இல்லை. கல்யாண மண்டபத்தில் மங்களகரமாக ஊதுகிறோம். ஒரே சுரம்தான், எங்கே எவ்வளவு நேரம் நிறுத்துகிறோம் என்பதில் பயமும் வரும், பக்தியும் வரும். மெட்டலின் வகைகள் எல்லாம் இந்த மாதிரி முடிவுகளில் பிரிந்தவை. எவ்வளவு வேகம், எவ்வளவு கனம், எவ்வளவு நேரம், குரல் எப்படி, பாட்டு எதைப் பற்றி. ஒரு வகை எதற்காக வேகத்தைக் குறைத்தது என்று கேட்காமல், “ஸ்லோவா இருக்கு” என்று சொல்வது, இட்லி மொறுமொறுப்பாக இல்லை என்று குறை சொல்வது போல.

ஏன் அப்படிக் கத்துறாங்க? தொண்டை கிழியாதா?

முறை தெரிந்தவருக்குக் கிழியாது. குரல் நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, பொய்க் குரல் நாண் என்பார்கள். க்ரௌல் என்னும் அந்த உறுமலில் பெரும்பாலும் அதிர்வது அதுதான். மூச்சு வயிற்றிலிருந்து வரவேண்டும். கேட்கத்தான் பெரிய சத்தம், கிட்டே நின்று பார்த்தால் பாதி மைக்கின் வேலை. முறை தெரியாமல் கத்துபவனுக்கு இரண்டு நாளில் குரல் போய்விடும். நம்ம பக்கம் தெருக்கூத்தில் விடிய விடியப் பாடுகிற வாத்தியாரிடமும் இதையே கேட்டுப் பாருங்கள், மூச்சைப் பற்றித்தான் பேசுவார்.

மைக் செட்காரனாக ஒரு புகார் மட்டும் உண்டு. க்ரௌல் பாடுகிறவர்களில் நிறையப் பேர் மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்கும், உடனே கூவும். எங்கள் ஊர்க் கட்சிப் பேச்சாளர்களும் அப்படியேதான் பிடிப்பார்கள். இரண்டு பேரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஃபியூனரல் டூம்னா என்ன? ஒரே பாட்டு 83 நிமிஷமாமே?

சாவு ஊர்வலம் போல ரொம்ப மெதுவாக நகரும் மெட்டல் வகை அது. நீங்கள் சொல்லும் பாட்டு, பெல் விட்ச் என்ற சியாட்டில் குழுவின் 2017 ஆல்பம். ‘மிரர் ரீப்பர்’. ஒரே பாட்டு, 83 நிமிடம். ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம்ஸ், இரண்டே பேர். முன்பு அவர்களோடு வாசித்த டிரம்மர் 2016-ல் இறந்துபோனார். அவருக்காகச் செய்தது. ஒரு அடி விழுந்து அடுத்த அடி விழுவதற்குள் உங்களுக்கு வேறு நினைப்பு வந்து போய்விடும். அந்த இடைவெளிக்காகத்தான் அந்த இசையே.

இந்த வகையின் தொடக்கம் பின்லாந்தில். தெர்கோதோன் 1994-ல் ஒரு ஆல்பம், ஸ்கெப்டிசிசம் 1995-ல் ஒரு ஆல்பம். ஸ்கெப்டிசிசத்தில் தேவாலய ஆர்கன் போல ஒன்று பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். மெட்டல்காரர்களிடையே இதற்குக் கிடைத்த பட்டப்பெயர் ‘தூக்க மாத்திரை’. “ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டுனா நல்லா இருக்கும்ணே” என்று ஒரு தம்பி சொன்னான். சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் ஆயாவிடம் போய் “சீக்கிரம் முடிங்க” என்று சொல்வானா? ஒப்பாரியில் செத்தவர் சாப்பிட்ட மீன் குழம்பு வரும், வாங்கிக் கொடுத்த புடவை வரும், பாதியில் ஒரு மருமகள் வந்து கட்டிப் பிடிப்பாள், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்கு ஆகிற நேரம் ஆகத்தான் செய்யும்.

இந்த வகை எனக்குப் பிடித்துப்போன கதை இது. 2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர்க்காரர்களுக்குத் தேதி சொல்லவேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் எங்கள் அப்பாவின் முந்திரித் தோப்பில் மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. பலா இரண்டு நின்றது, தலை இல்லாமல். ஊரில் பல நாள் கரண்ட் இல்லை. என் ஜெனரேட்டரில் தெருவே செல்போன் சார்ஜ் போட்டது. சாயந்தரம் தோப்பில் அப்பா ஒவ்வொரு மரமாக நின்று பார்த்துக்கொண்டு போவார், நான் பத்தடி பின்னால். யாரோ பென் டிரைவில் கொடுத்த ஸ்கெப்டிசிசம் அன்று போனில் இருந்தது, ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டேன். அதற்கு முன் இரண்டு தடவை பாதியில் நிறுத்திய பாட்டு. அன்று அதன் தாளமும் அப்பா நடந்த நடையும் ஒன்றாக இருந்தது. வேறெந்தப் பாட்டும் அந்த வாரம் என் காதுக்குள் நுழையவில்லை.

அப்ப டிரோன்? அதுல தாளமே இல்லையே?

டிரோன் என்பது ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் மெட்டல் வகை. அதில் ‘சன்’ என்று ஒரு அமெரிக்கக் குழு. பெயர் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் கம்பெனியுடையது. ஆம்ப்ளிஃபயரின் பெயரையே தங்களுக்கு வைத்துக்கொண்டவர்களை மைக் செட்காரன் எப்படி விட்டுக்கொடுப்பான்? சாமியார் மாதிரி அங்கி, மேடை முழுக்கப் புகை, ஒரு சுரத்தைத் தட்டி அது அடங்கும்வரை நிற்பார்கள்.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் ஒருவர் இருப்பார். ஒரே சுரம், இரவு முழுக்க. ‘ஒத்து ஊதுறான்’ என்பது நம் பேச்சில் வசவாகிவிட்டது. ஆனால் அவர் நிறுத்திவிட்டால் நாதஸ்வரக்காரருக்குக் காலுக்குக் கீழே தரை இருக்காது. டிரோனில் அந்த ஒத்துக்காரர் முன்வரிசைக்கு வந்துவிட்டார், அவ்வளவுதான். பேஸ் பாக்ஸின் முன்னால் உட்கார்ந்து கேட்கவேண்டியது இது. போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு என்னிடம் விவாதத்துக்கு வராதீர்கள்.

ஒரு நொடிப் பாட்டு ஒண்ணு இருக்காமே, அது ஏமாத்து வேலைதானே?

நேபாம் டெத், பர்மிங்ஹாமேதான், 1987-ல் வந்த ‘ஸ்கம்’ ஆல்பம். அதில் ஒரு பாட்டு 1.316 நொடி. உலகின் மிகச் சிறிய பாட்டு என்று கின்னஸில் இருக்கிறது. பாட்டில் இருப்பது நான்கு சொல், ஒரு கேள்வி. குறளுக்கு ஏழு சீர் போதும் என்று ஒத்துக்கொள்கிற ஊர் இது.

வேடிக்கையாகத்தான் செய்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே ஆல்பத்தின் மற்ற 27 பாட்டையும் கேளுங்கள். பெரிய கம்பெனிகள் மேலும் ஆட்சியாளர்கள் மேலும் வேலையில்லாத இருபது வயதின் கோபம் அது. ஆல்பத்தின் இரண்டு பக்கத்திலும் ஆட்களே வேறு. இரண்டிலும் இருந்தவர் டிரம்மர் மிக் ஹாரிஸ் ஒருவர்தான். பிளாஸ்ட் பீட் என்ற அந்த மெஷின் தையல் அடிக்குப் பெயர் பரவியது அவரால். கிரைண்ட்கோர் என்னும் இந்த அதிவேக வகையின் ரசிகர்கள் மூளையில்லாதவர்கள் என்பது மெட்டல் வட்டத்திலேயே பழைய கேலி. நான் பழகியவரை கிரைண்ட்கோர் கேட்பவர்கள்தான் செய்தித்தாளை முழுசாகப் படிக்கிறவர்கள்.

நம்ம பறை, பம்பை எல்லாம் இந்த பிளாஸ்ட் பீட் மாதிரிதானே?

இந்தக் கேள்வி பாராட்டாக வரும். நல்ல மனசோடு கேட்பார்கள். இருந்தாலும் வேண்டாம். தீமிதியில் பம்பை அடிக்கிறவர் சாமி வந்தவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அடிக்கிறார். அவர் ஆட இவர் ஏற்றுவார், அவர் தளர இவர் இறக்குவார். பிளாஸ்ட் பீட் யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டுக்கும் வேலை வேறு. ஒன்றை உயர்த்த இன்னொன்றை இரவல் வாங்கினால் இரண்டுக்கும் மரியாதை இல்லை. பறை அடிப்பவரை நேற்றுவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மெட்டலுக்கு ஆதரவு தேட மட்டும் அவரைக் கூப்பிடுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

(ஒப்பாரியை மட்டும் நீ இழுக்கலாமா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். பதில் இல்லை.)

நு மெட்டலை எப்படிண்ணே சீரியஸா எடுத்துக்கிறது?

வாருங்கள், இதற்குத்தான் காத்திருந்தேன்.

குற்றச்சாட்டுப் பட்டியல் எனக்கு மனப்பாடம். கிட்டார் சோலோ இல்லை, ராப் கலந்துவிட்டார்கள், தொளதொள பேன்ட், சின்னப் பையன்களின் புலம்பல், கம்பெனிக்காரன் செய்த சரக்கு. இதில் பாதி உண்மை. 1999, 2000 வாக்கில் வந்த நகல் குழுக்கள் பலவற்றை நானும் காப்பாற்ற மாட்டேன்.

ஆனால் முதலில் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கார்ன் என்ற அமெரிக்கக் குழு, 1994. ஏழு கம்பி கிட்டாரை வேகத்தைக் காட்டாமல் கீழே தோண்டுவதற்குப் பயன்படுத்தினார்கள். சோலோ வாசித்துத் திறமை காட்டும் இடத்தில் பாடகர் உடைந்து அழுதார். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு சிறுவயதில் நடந்த பாலியல் கொடுமை பற்றியது. அதுவரை மெட்டலில் ஆண் என்றால் வாள், பைக், பிசாசு, போர். தன் வீட்டுக்குள் தனக்கு நடந்ததைச் சொன்ன ஆண்கள் குறைவு. சொன்னதும் ‘புலம்பல்’ என்று பெயர் வைத்தார்கள். யார் வைத்தது? வாள் பாட்டு கேட்டவர்கள்.

2001-ல் எனக்கு ஒரு சிநேகிதன். பெயர் வேண்டாம். பாண்டி ஞாயிறு சந்தையில் பழைய கேசட் குவியலில் லிங்கின் பார்க் என்ற நு மெட்டல் குழுவின் ‘ஹைப்ரிட் தியரி’ ஆல்பத்தை இரண்டு பேரும் காசு போட்டு வாங்கினோம். அவன் அப்பா பெல்ட்டால் அடிப்பார் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும், யாரும் பேசமாட்டோம். அந்தக் கேசட் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. என் பங்குக் காசை நானும் கேட்கவில்லை. அவனுக்கு இங்கிலீஷ் சுமார்தான். ஆனால் அந்தக் குழுவின் பாடகர் செஸ்டர் பெனிங்டன் குரல் உடைகிற இடத்தில் என்ன நடக்கிறது என்பது புரிய அகராதி தேவைப்படவில்லை.

செஸ்டர் தன் சிறுவயதுக் கொடுமையை வெளிப்படையாகச் சொன்னவர். 2017 ஜூலை 20-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று இரவு அஞ்சலி எழுதியவர்களில் பதினைந்து வருடம் அவர் குழுவைக் கிண்டல் செய்தவர்களும் இருந்தார்கள், எனக்குத் தெரிந்தே நாலு பேர். எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கிண்டல் செய்த காலத்தில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த பையன்களைத்தான் ‘இவன் எல்லாம் மெட்டலே இல்லை’ என்று கூட்டத்தை விட்டுத் தள்ளினார்கள்.

பவர் மெட்டல்? டிராகன், வாள், கோட்டை… சிறுபிள்ளைத்தனமா இல்ல?

இருக்கிறது. அதில் என்ன தப்பு? ஹெலோவீன் என்ற ஹாம்பர்க் குழு 1987, 88-ல் போட்ட இரண்டு ஆல்பங்களில் தொடங்கி, சத்தமாக, உச்சஸ்தாயியில், வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருப்பதுதான் இதன் கொள்கை. நம்ம கதாநாயகன் ஒரே உதையில் பத்துப் பேரைப் பறக்கவிட்டால் விசில் அடிக்கிறோம். ஜெர்மன்காரன் டிராகன் மேல் ஏறினால் மட்டும் எதார்த்தம் கேட்கிறோம்.

பேபிமெட்டல்?

ஜப்பான் பெண்கள் பாடும் மெட்டல் குழு. என் மகளுக்குப் பிடிக்கும். மேலே கேட்காதீர்கள்.

சாத்தான் பாட்டு, சர்ச்சை எரிச்சாங்களாமே. அதையும் நியாயப்படுத்துவீங்களா?

மாட்டேன். நார்வேயில் 1992 ஜூன் 6-ல் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. தொடர்ந்து பல தேவாலயங்கள். 1993-ல் பிளாக் மெட்டல் என்னும் அந்தச் சாத்தான் பாட்டு வகையைச் சேர்ந்த ஒருவரை இன்னொருவர் குத்திக் கொன்று 21 வருடத் தண்டனை வாங்கினார். அந்தக் கூட்டத்தில் சிலர் பிறகு இனவெறியும் பேசினார்கள். ‘இசை வேறு, ஆள் வேறு’ என்று தத்துவம் பேசி அந்தக் குழுக்களுக்குக் காசு அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. ரசிகனுக்காக வாதாடுகிறேன், தீ வைத்தவனுக்காக இல்லை.

அதே பிளாக் மெட்டலிலிருந்து முளைத்த ஒரு கிளை உண்டு, அதையும் திட்டுகிறார்கள், நேர் எதிரான காரணத்துக்கு: ரொம்ப மென்மையாம். அல்செஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழுவின் 2007 ஆல்பம் குழந்தைப் பருவக் கனவு போல மிதக்கும். டெஃப்ஹெவன் 2013-ல் ரோஸ் நிற அட்டையோடு ஒரு ஆல்பம் விட்டபோது வந்த கோபத்தைப் பார்த்திருக்கவேண்டும். கொலையைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு ரோஸ் கலர் பொறுக்கவில்லை.

பையன் எப்பவும் கருப்புச் சட்டை, காதுல இதே சத்தம். கெட்டுப்போயிடுவானா தம்பி?

(இது மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டது. உட்காரச் சொல்லித்தான் பேசினேன்.)

அக்கா, கருப்புச் சட்டைக்கு நம்ம ஊரில் ஏற்கெனவே இரண்டு அர்த்தம் உண்டு. பெரியார் கட்சிக்காரர், ஐயப்பனுக்கு மாலை போட்டவர். மூன்றாவது நாங்கள். மூன்று பேருமே ஒழுக்கமாகத்தான் இருக்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2015-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்த மாதிரிப் பாட்டு கேட்கும் 39 பேர், 18 முதல் 34 வயது. கோபம் வரும்படி பேசவைத்துவிட்டு, பாதிப் பேருக்கு அவரவர் பாட்டைப் பத்து நிமிடம், மீதிப் பேருக்கு மௌனம். இரண்டு கூட்டத்துக்குமே கோபம் இறங்கிவிட்டது. பாட்டு கேட்டவர்களுக்குக் கொஞ்சம் தெம்பும் வந்தது. 39 பேர் சின்னக் கணக்குதான், இதை வைத்து ஊருக்குத் தீர்ப்பு எழுதமுடியாது. ஆனால் கேட்டால் வெறி பிடிக்கும் என்ற பயத்துக்கு அது இடம் தரவில்லை.

பயப்படவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, காது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் தாங்கும் என்று ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். பஸ் இரைச்சலை அமுக்குவதற்காகக் கடலூரிலிருந்து பாண்டிவரை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு போகிறான் பாருங்கள், அதைத் தடுங்கள். எனக்கு இடது காதில் இரவெல்லாம் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். அது மெட்டலால் வந்ததில்லை, மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் பக்கத்தில் பத்து வருடம் நின்றதால் வந்தது.

இளையராஜா பிடிக்காதா?

பிடிக்கும். அதைத்தானே தினம் போடுகிறேன்.

நம்ம ஆளுங்க யாராவது இதுல இருக்காங்களா?

சிங்கப்பூரில் ருத்ரா, 1992-லிருந்து. உபநிடத வரிகளை டெத் மெட்டல் என்னும் உறுமல் குரல் வகையில் பாடுகிறவர்கள். ‘வேதிக் மெட்டல்’ என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள், அதற்கும் கேலி உண்டு. பெங்களூரில் கிரிப்டோஸ், மும்பையில் டெமானிக் ரெசரக்ஷன். சென்னையில் பிளட் கோவனன்ட் என்று கிறிஸ்தவ பிளாக் மெட்டல் குழு. சாத்தான் கேள்வி கேட்பவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பது என் பொழுதுபோக்கு.

பாண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 2024 ஜூலை 26, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. பிரெஞ்சு ராணி மாரி அந்துவானெத்தை அடைத்து வைத்திருந்த கோட்டையின் ஜன்னல்களில் நின்று, கொஜிரா என்ற பிரெஞ்சு மெட்டல் குழு, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாட்டை வாசித்தது. பாண்டியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு தாத்தா எனக்கு வாடிக்கை. மறுநாள் போன் செய்து, “தம்பி, நீ குடோனில் போடுற சத்தம் டி.வி.ல வந்துச்சு” என்றார். பிடித்ததா என்று கேட்டேன். “பிடிக்கல. ஆனா எழுந்து நின்னுட்டேன்” என்றார்.

எதுல ஆரம்பிக்கிறது?

உங்களுக்கு ஏற்கெனவே எது பிடிக்குமோ அதன் பக்கத்திலிருந்து. பக்திப் பாட்டின் நீட்டல் பிடித்தால் டூம். குத்து பிடித்தால் கிரைண்ட்கோர். சரித்திரக் கதை பிடித்தால் பவர் மெட்டல். கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடித்தால் அல்செஸ்ட். தேவனாம்பட்டினத்தில் அலைச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். முதல் முறை பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பிடிக்காமல் போவது உங்கள் உரிமை.

எந்த விசேஷத்திலாவது இதைப் போட்டதுண்டா?

ஒரே ஒரு முறை. ஒரு கல்யாண மண்டபத்தில் மதியம் பந்தி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, பாத்திரம் கழுவும் இரண்டு அக்காக்களும் நானும் மட்டும். ஒயர் சுருட்டும் நேரம் என்று ‘மிரர் ரீப்பர்’ போட்டேன். இருபது நிமிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்த இரண்டு அக்காக்களில் மூத்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், “யார் செத்துட்டாங்க தம்பி?” சிநேகிதக்காரர் ஒருத்தர், அவங்களோட சேர்ந்து வாசிச்சவர் என்றேன். “அதான்” என்று சொல்லிவிட்டு மறுபடி அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தார்.